தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பம்பை, மேளம், ஆர்கெஸ்ட்ரா குழு நடத்துபவர்கள் பேனர், கார்டு, யூடியூப் படம் இதையெல்லாம் எப்படி வடிவமைத்தால் புக்கிங் வரும்?

பேனரை மட்டும் பார்த்துவிட்டு நம் பக்கம் யாரும் பம்பை வைப்பதில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவில் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "அந்த செட்டு எந்த ஊருப்பா?" என்று விசாரிப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே, கண்ணில் பட வேண்டும். மறுநாள் போனில் தேடும்போதும் அதே ஆட்கள்தான் என்று சட்டென்று தெரிய வேண்டும். புக்கிங்கை வரவைப்பது வாசிப்புதான். அது வழி தவறி இன்னொரு குழுவுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் டிசைனின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

முதலில் பெயர். ஸ்ரீ அங்காளம்மன், ஸ்ரீ மாரியம்மன், ஸ்ரீ முருகன் என்று தொடங்கும் குழுக்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கின்றன. எல்லோரும் சாமி பெயரைப் பெரிதாகவும் ஊர்ப் பெயரை அடியில் பொடி எழுத்திலும் போடுகிறார்கள். ஆனால் ஜனங்கள் வாயில் இருப்பது "பாலக்கோடு செட்டு", "பர்கூர் செட்டு" என்று ஊர்ப் பெயர்தான். அதனால் ஊர்ப் பெயரைச் சாமி பெயருக்குச் சமமான அளவில், பக்கத்திலேயே போட்டு, இரண்டையும் ஒரே கட்டாக எழுதி வாங்குங்கள். அந்தக் கட்டுதான் உங்கள் லோகோ. நாதஸ்வரமும் மயிலும் சேர்ந்த தனிச் சின்னம் எதுவும் தேவையில்லை.

இந்தக் கட்டைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக ஒன்று, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் பிடிஎஃப் ஒன்று என இரண்டு வடிவில் வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தை 'கர்வ்ஸ்' ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக, மாற்றித்தான் தர வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லிவிடுங்கள். மாற்றாமல் வாங்கிய கோரல் டிரா கோப்பை வேறு கடையில் திறந்தால், அந்தத் தமிழ் ஃபான்ட் அங்கே இல்லாவிட்டால் பெயர் முழுக்கக் கிறுக்கலாக வரும். போட்டோஷாப்பில் கொம்பும் துணையெழுத்தும் இடம் மாறி விழுந்தால், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாமல் யூனிகோட் தமிழை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இது கடைக்காரருக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இந்தக் கட்டை எங்கே எழுதுவது? இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆங்கிலப் பெயரில் 'பி' பெரிதாகவும் 'டி' கீழே இறங்கியும் இருக்கும் அந்த எழுத்து வடிவத்தை 1963இல் வரைந்தவர் லண்டனில் டிரம் விற்கும் கடை வைத்திருந்த ஐவர் ஆர்பிட்டர். அதை டிரம்மின் முன் தோலில் எழுதினார்கள். மேடையின் நடுவில் இருப்பது டிரம். எந்தப் புகைப்படக்காரர் எடுத்தாலும் அது படத்துக்குள் வந்துதான் தீரும். ஆர்கெஸ்ட்ரா வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்யலாம்: பேஸ் டிரம்மின் முன்தோல், கீபோர்டு ஸ்டாண்டுக்கு முன் தொங்கும் துணி, பாடகர் முன் வைக்கும் ஸ்டாண்டு. பம்பைக்குத் தோலில் எழுதும் வழி கிடையாது. ஒலி கெடும், அனலில் காட்டும்போது பெயின்டும் நிற்காது. அதற்குப் பதில் இடுப்பில் கட்டும் துண்டிலும் சட்டையின் முதுகிலும் ஊர்ப் பெயரை அச்சிடுங்கள். ஊர்வலத்தில் பாதிப் பேர் உங்கள் முதுகைத்தான் பார்க்கிறார்கள்.

நிறமும் ஒரு பெயர் மாதிரிதான் வேலை செய்யும். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதாலேயே காஞ்சிபுரத்தில் 'எம்.எஸ். நீலம்' என்று ஒரு பட்டு நிறத்துக்குப் பெயர் நின்றுவிட்டது. குழுவுக்கு இரண்டு நிறம் எடுத்துக்கொண்டு, உடை, கார்டு, பேனர், வண்டி எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். இதில் மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, கறுப்பு-சிவப்பு மாதிரிக் கொடி நிறங்கள். எந்தக் கட்சி என்று கேட்பார்கள். கேட்காமலே விட்டுவிடுபவர்கள் அதைவிட அதிகம். இரண்டு, மேடை விளக்கு. நீல எல்இடி விளக்கில் சிவப்புச் சட்டை கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளை, வெளிர் மஞ்சள், சந்தன நிறம் எந்த விளக்கையும் வாங்கிக்கொள்ளும். பளபளக்கும் சாட்டின் துணி நேரில் எடுப்பாக இருந்தாலும் போன் கேமராவில் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும். மூன்று, போன் திரையில் மின்னும் பச்சையும் ராயல் நீலமும் அச்சில் மங்கித்தான் வரும். அச்சு மை சிஎம்ஒய்கே முறையில், அதாவது வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு நிறத்தில், கலப்பது; அந்த ஒளிர்வு அதில் இல்லை. ஒரு சதுர அடி மாதிரி அடித்துப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

பேனருக்கு வருவோம், ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கேதான். விளம்பரப் பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் வீதம் எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் படிக்கலாம். கூட்டம் அறுபது அடி தள்ளி நிற்கிறது என்றால் ஆறு அங்குல எழுத்து வேண்டும். தமிழில் சுழியும் கொம்பும் மேலே கீழே நீள்வதால் பெயருக்கு இன்னும் ஓர் அங்குலம் கூட்டுங்கள். எட்டுக்கு நாலு பேனரின் அகலம் 96 அங்குலம். ஆறு அங்குல உயரத்தில் ஓர் இலக்கம் சுமார் நாலு அங்குல அகலம் பிடிக்கும். பத்து இலக்கமும் நடுவில் ஓர் இடைவெளியும் சேர்த்து 45 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். தாராளமாக இடம் இருந்தும் நம்பர் ஏன் பொடியாகிறது? எட்டுப் பேர் தனித்தனிப் படம், நாலு சாமி படம், மூன்று நம்பர், "எங்களிடம் அனைத்து விதமான" என்று ஒரு பத்தி, இத்தனையும் ஏற்றுவதால்தான். ஒரே நம்பர் போடுங்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள். மூன்று நம்பர் இருந்தால் எதுவும் மனதில் நிற்காது. அதிலும் ஒன்று நிச்சயம் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்.

நம்பரைக் கறுப்பில் வையுங்கள். வெயிலில் முதலில் வெளுப்பது மஞ்சளும் சிவப்பும். பழைய பேனரெல்லாம் நீலம் பூத்துக் கிடப்பது அதனால்தான். மஞ்சள் மேல் கறுப்பு நம்பர் என்றால் மஞ்சள் வெளுத்துப் போனாலும் வெள்ளை மேல் கறுப்பாக நிற்கும். வெள்ளை மேல் சிவப்பு நம்பர் போனால் போனதுதான்.

மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரில் இடம் பார்ப்பது தனி வேலை. பத்தடி உயரப் பேனர் என்றால் கீழ் ஆறடி ஆட்களாலும் ஸ்பீக்கர் பெட்டியாலும் மறைந்துவிடும். உச்சியில் போட்டால் பாடகரைப் போனில் எடுப்பவர் அதை வெட்டிவிடுவார். தரையிலிருந்து ஆறரை அடிக்கும் எட்டரை அடிக்கும் நடுவில் உள்ள பட்டைதான் எல்லோருடைய படத்திலும் விழும். பெயர்க்கட்டை அங்கே, இடமும் வலமும் இரண்டு முறை வையுங்கள். எல்இடி வால் வாடகைக்கு எடுத்தால் பொடி எழுத்து அறவே வேண்டாம். பி4 வகைத் திரையில் புள்ளிக்குப் புள்ளி நாலு மில்லிமீட்டர். பன்னிரண்டு அடி அகலத்துக்கு மொத்தமே சுமார் 900 புள்ளிதான். ஃபுல் எச்டியில் செய்த படம் அதில் பாதிக்கும் கீழே சுருங்கிப் போகும்.

வெளியில், சாலையோரம் கட்டுவதானால் உள்ளாட்சி அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள். 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு நீதிமன்றமும் அதிகாரிகளும் இதில் கறாராகிவிட்டார்கள். மண்டபத்துக்கு உள்ளேயும் மேடையிலும் கட்டுவதே நம் தேவைக்குப் போதும்.

படம் எடுப்பது. தனித்தனியாக வெட்டி ஒட்டிய முகங்களைவிட, முழு செட்டும் வாத்தியத்தோடு நிற்கும் ஒரே படம்தான் வியாபாரம் பேசும். புக் செய்பவர் முதலில் கேட்பதே "எத்தனை பேர் வருவீங்க, சிலம்பு உண்டா, உடுக்கை உண்டா" என்பதுதான். படமே அதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை நாலரைக்குப் பின், நிழலில் நிறுத்தி எடுங்கள். வெண்கலப் பம்பையில் நேர் வெயில் பட்டால் வெள்ளைக் கோடு அடித்து வாத்தியத்தின் உருவமே தெரியாது. கேமரா மார்பு உயரத்தில் இருக்கட்டும். போனில் 0.5 லென்ஸைத் தொடாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் இரண்டு பங்கு அகலமாகிவிடுவார். பத்தடி பின்னால் போய் சாதாரண லென்ஸில் எடுத்தால் போதும்.

எடுத்த படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் சாதாரண 'போட்டோ'வாக அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் கேடு. 4000 புள்ளி அகலப் படம் சுமார் 1600க்குச் சுருங்கிவிடும். எட்டடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 17 புள்ளிதான். முகமெல்லாம் மங்கலாக வரும். அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அங்குலத்துக்கு 41 கிடைக்கும், பேனருக்கு அது தாராளம். கார்டுக்கு மட்டும் அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) வேண்டும்.

இப்போது ஏஐயில் சாமி படமும் மேளமும் உருவாக்கிப் போடுவது பரவியிருக்கிறது. பம்பை கேட்டால் அது டோலக் மாதிரி எதையோ வரைந்து தருகிறது. வாத்தியம் தெரிந்த ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் சிரித்துவிடுவார்கள். பின்னணிக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். ஆட்களும் வாத்தியமும் நிஜமாக இருக்கட்டும்.

விசிட்டிங் கார்டு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், 300 ஜிஎஸ்எம் அட்டை, வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல். முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பின்பக்கம் வெறும் அட்டையாக இருக்க வேண்டும், ஏனென்றால் வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் தரும்போது தேதி, மண்டபம், தொகை எல்லாம் எழுதப்படுவது அங்கேதான். பளபள லேமினேஷன் மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கும். எழுதுவதற்கென்றே தேதி, இடம், முன்பணம், பாக்கி என்று நாலு வரி அச்சிட்டால் கார்டே ரசீதாகிவிடும், யாரும் தொலைக்க மாட்டார்கள். சாமி படம் கார்டில் இருப்பது நல்லதுதான், கிழித்துப் போட மனசு வராது. ஃப்ளெக்ஸில் வேண்டாம் என்பேன். நிகழ்ச்சி முடிந்ததும் அது தரையில் விரிப்பாகவோ மாட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகவோ போய்விடுகிறது.

ஓசூர், தளி, பாகலூர் பக்கம் வாசிப்பவர்கள் கார்டின் ஒரு மூலையிலாவது பெயரையும் வாத்தியத்தையும் தெலுங்கிலும் கன்னடத்திலும் போடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாமல் அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு விடுங்கள்.

க்யூஆர் வேண்டுமென்றால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கிடைப்பதே போதும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'டைனமிக்' வகை வேறொருவரின் தளம் வழியாகத்தான் திறக்கும்; இலவசக் காலம் முடிந்ததும் செத்துவிடலாம். ஆயிரம் கார்டும் வீண். கார்டில் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பேனரில் பத்தடி தூரத்துக்கு ஓரடி. வெள்ளை மேல் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை ஓரம்.

யூடியூபில் வீடியோவுக்கு முன் தெரியும் முகப்புப் படம் 1280க்கு 720 அளவு. போனில் அது கட்டைவிரல் அகலத்தில்தான் தெரியும். நாலு சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். வலது கீழ் மூலையில் வீடியோவின் நீளம் வந்து உட்காரும், அங்கே எதையும் வைக்காதீர்கள். ரீல்ஸிலும் அடிப்பகுதியைப் பெயரும் விளக்கமும் மூடிவிடும், நம்பரை நடுவுக்கு மேலே ஏற்றுங்கள். வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

உங்கள் சேனலைவிடத் திருவிழாவைப் படம் பிடித்து ஏற்றுபவர்களின் சேனலுக்குத்தான் கூட்டம் அதிகம். பெயர்க்கட்டையும் நம்பரையும் 1920க்கு 1080 அளவில், பின்னணி இல்லாமல், கீழ் ஆறில் ஒரு பங்கில் மட்டும் வருமாறு ஒரு பிஎன்ஜி செய்து, நிகழ்ச்சி அன்றே வீடியோகிராபரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எடிட்டிங்கில் அதை மேலே போட்டால் போதும். கோவில் நோட்டீஸுக்கும் இதே வழி. விழாக் குழு அச்சகத்துக்குப் போகும் முன்னால் உங்கள் கட்டைக் கொடுத்துவிட்டால் பெயரை அவர்கள் மறுபடி தட்டச்சு செய்ய மாட்டார்கள், எழுத்துப் பிழையும் வராது. எதுவானாலும் அச்சுக்கு முன் வரும் மாதிரியில் உள்ள நம்பரை, மனப்பாடத்திலிருந்து இல்லாமல், பார்த்துப் பார்த்து போனில் அழுத்தி அழைத்துப் பாருங்கள். உங்கள் போன் அடித்த பிறகு ஓகே சொல்லுங்கள்.

கடைசியாக நேரம். நாதஸ்வரக்காரர்களும் ஆர்கெஸ்ட்ராக்காரர்களும் தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலேயே கார்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்; மார்கழியில் அச்சிட்டால் தேதியெல்லாம் போயிருக்கும். கையளவு அட்டையில் அந்த வருட முகூர்த்த நாட்களை அச்சிட்டுப் பின்னால் உங்கள் கட்டைப் போட்டுக் கொடுத்தால் பீரோ கதவிலும் பூஜை அறையிலும் வருடம் முழுக்க இருக்கும். பம்பைக்காரர்களுக்கு ஆடிதான் அறுவடை. வைகாசி கடைசிக்குள் புதுப் படம், புது வீடியோ, கார்டு மூன்றும் முடிந்திருக்கட்டும்; ஆனியில் ஊர்க்கூட்டம் போட்டு செட்டு பேசத் தொடங்கிவிடுவார்கள்.