அமெரிக்க இலக்கியத் தேர்வு: மாணவர் கேள்விகளும் பேராசிரியையின் பதில்களும்

கேள்வி: அம்மா, பிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றில் கதைக்கு முன்பே பிறர் எழுதிய இரண்டு பகுதிகள் வருகின்றன. தேர்வுக்கு அவற்றை விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. 1845-இல் நூல் வெளிவந்தபோது, அடிமையாக இருந்தவரால் இப்படி எழுத முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். அதனால்தான் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கேரிசன், வெண்டல் பிலிப்ஸ் என்ற இரு வெள்ளையர்கள் முன்னால் நின்று சாட்சி சொல்கிறார்கள். தலைப்பிலேயே 'அவரே எழுதியது' என்றும் இருக்கிறது. தன் வாழ்க்கையைத் தானே சொல்லவும் ஒருவருக்கு ஜாமீன் தேவைப்பட்டது. விடையை அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், 'கல்வியின் முக்கியத்துவம்' என்று பக்கம் நிரப்பாதீர்கள். திருத்துபவர் அதை நூறு தாளில் பார்த்துச் சலித்திருப்பார். பால்டிமோரில் எஜமானி சோஃபியா எழுத்து சொல்லித்தருகிறார். கணவர் ஹ்யூ ஆல்ட் தடுக்கிறார். அந்தத் தடையைக் கேட்டுத்தான் சிறுவன் டக்ளஸுக்கு விடுதலைக்கான வழி தெரிகிறது. வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துப்போய், பசித்த வெள்ளைச் சிறுவர்களிடம் கொடுத்துப் படிப்பை வாங்குகிறான். அந்த ரொட்டியை எழுதுங்கள்.

கேள்வி: அடிமை வாழ்விலிருந்து தப்பிய விதத்தை டக்ளஸ் சொல்லவில்லையே, அது நூலின் குறைதானே?

பதில்: இல்லை. சொல்லியிருந்தால் உதவியவர்கள் மாட்டியிருப்பார்கள். மற்றவர்களுக்கும் அந்த வழி அடைபட்டிருக்கும். மாலுமி உடையில், இரவல் அடையாளத் தாளுடன் ரயில் ஏறிய கதையை, அடிமை முறை ஒழிந்தபின் 1881-இல் வந்த நூலில் விவரித்தார்.

கேள்வி: ஹாரியட் ஜேக்கப்ஸுக்கும் இதே குறிப்புகள் போதுமா?

பதில்: போதாது. அடிமையாக இருந்து தப்பி, 1861-இல் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் தன் வாழ்க்கையை எழுதியவர் அவர். எஜமானின் பாலியல் தொல்லைதான் அங்கே மையம். பாட்டி வீட்டுக் கூரையடியில், 9 அடி நீளம், 7 அடி அகலம், உயர்ந்த இடத்திலும் 3 அடியே உள்ள பொந்தில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தார். பலகையில் துளையிட்டுக் கீழே போகும் தன் பிள்ளைகளைப் பார்க்கிறார், கூப்பிட முடியாது. டக்ளஸ் தனியாள், ஓடிவிட்டார். தாயால் அப்படி ஓட முடியவில்லை. ஒப்பிடச் சொன்னால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாடகத்தையும் கவிதையையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா?

பதில்: லாரெய்ன் ஹான்ஸ்பெரியின் 1959 நாடகம் 'எ ரைசின் இன் த சன்' தன் தலைப்பையே லாங்ஸ்டன் ஹியூஸின் 'ஹார்லெம்' கவிதையிலிருந்து எடுத்தது. தள்ளிப்போடப்பட்ட கனவு என்ன ஆகும் என்று கவிதை கேட்கிறது. நாடகத்தில் வரும் யங்கர் என்ற கறுப்பினக் குடும்பத்தில் அந்தக் கனவு 10,000 டாலர் இன்சூரன்ஸ் பணமாக வந்து நிற்கிறது. ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். கவிதையை முதலில் படியுங்கள், பதினொரே வரிதான்.

கேள்வி: எமிலி டிக்கின்சனில் எத்தனை கவிதைகள் மனப்பாடம் செய்ய வேண்டும்?

பதில்: மூன்று போதும், பிழையில்லாமல். வரிகளுக்கு நடுவே வரும் சிறு கோடுகளை விட்டுவிடாதீர்கள். அவர் இறந்தபின் 1890-இல் முதல் தொகுப்பைப் போட்டவர்கள் அவற்றைத் திருத்தி 'ஒழுங்கு' செய்துவிட்டார்கள். பழைய மலிவுப் பதிப்புகளில் இன்னமும் அந்த வடிவம்தான் இருக்கிறது. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.