1916 அரபுக் கிளர்ச்சி: இந்திய முஸ்லிம்கள் ஏன் கொதித்தார்கள்? (கேள்வி பதில்)

முதல் உலகப் போரின் நடுவில், 1916 ஜூனில், மக்காவின் ஷரீப் ஹுசைன் துருக்கி உஸ்மானிய அரசுக்கு எதிராகக் கிளம்பினார். பணம், துப்பாக்கி, தானியம் மூன்றும் பிரிட்டிஷார் கொடுத்தது. போன வாரம் இதைப் பற்றி நான் நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, துருக்கி சுல்தான்தானே அப்போது கலீபா, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவர்? ஷரீபும் முஸ்லிம், அதுவும் நபி வம்சம். அவர் எப்படி வெள்ளைக்காரனோடு கை கோத்தார்?

மூன்று நான்கு பயங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. 1908இலிருந்து மக்காவின் அமீராக இருந்தவர் அவர், ஆனால் இஸ்தான்புல்லில் ஆட்சியைப் பிடித்த இளந்துருக்கியர் எல்லா அதிகாரத்தையும் தலைநகருக்கே இழுத்துக்கொண்டிருந்ததால் தன் பதவி எப்போது பறிபோகும் என்ற கவலை அவருக்கு இருந்தது. 1916 மே 6 அன்று சிரியாவை ஆண்ட துருக்கித் தளபதி ஜமால் பாஷா டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அரபுப் பிரமுகர்களைப் பொது இடத்தில் தூக்கில் போட்டார். அதே சமயம் ஏமனுக்குப் போகிறோம் என்று ஒரு துருக்கிப் படை மதீனா பக்கம் வர, அது தனக்குத்தான் என்று ஷரீப் நினைத்துவிட்டார். இதற்கு முன்பே கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் மக்மஹோன் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, அரபு நாடுகளின் சுதந்திரத்தை ஆதரிப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். எந்தெந்த ஊர் அந்த வாக்கில் சேரும், எது சேராது என்பதை மட்டும் குழப்பமாகவே வைத்திருந்தார்.

கேள்வி: பிரிட்டனுக்கு அரேபியப் பாலைவனத்தில் என்ன வேலை?

1914 நவம்பரில் சுல்தான் ஜிஹாத் அறிவித்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இருந்த முஸ்லிம்கள் உஸ்மானிய நாட்டில் இருந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பட்டாளத்திலும் ஏராளமான முஸ்லிம் சிப்பாய்கள். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஐந்தாம் லைட் இன்ஃபண்ட்ரியின் முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்து, பிறகு 47 பேர் சிறைச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். லண்டனுக்கு அது பெரிய அதிர்ச்சி. மக்காவின் ஷரீபே நம் பக்கம் இருந்தால் அந்த ஜிஹாத் அறிவிப்பு செல்லாக்காசு ஆகிவிடும் என்பது கெய்ரோ அதிகாரிகளின் கணக்கு.

சிம்லாவில் இருந்த இந்திய அரசு மட்டும் ஆரம்பம் முதலே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்திய முஸ்லிம்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் கெய்ரோவைவிட சிம்லாதான் சரியாகக் கணித்தது என்பது என் கருத்து.

கேள்வி: எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?

மாதம் 1,25,000 பவுனில் தொடங்கி 2,00,000 வரை போனது. பெரும்பகுதி தங்கக் காசாகவே போனது, காகித நோட்டை பாலைவன நாடோடிகளான பதூவிகள் தொட மாட்டார்கள். நம் வீட்டில் "எட்டு கிராம் ஒரு பவுன், ஒரு சவரன்" என்று சொல்கிறோமே, அதே சாவரின் நாணயம்தான், ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை வீரன். அதைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் இறக்கி ஒட்டகத்தில் ஏற்றினார்கள்.

கேள்வி: லாரன்ஸ்தானே எல்லாவற்றையும் செய்தார்?

இல்லை. பிரிட்டிஷ் அதிகாரியான அவர் ஹிஜாஸில் (மக்கா, மதீனா இருக்கும் பகுதி) கால் வைத்ததே 1916 அக்டோபரில். அதற்குள் மக்கா, ஜித்தா, தாயிஃப் மூன்றும் விழுந்துவிட்டன.

கேள்வி: பாய், கஅபாவின் திரை எரிந்தது என்று சொல்கிறார்களே, உண்மையா?

ஜூன் 10 அதிகாலையில் ஷரீப் தன் மாளிகை ஜன்னலிலிருந்து துருக்கிப் பாசறையை நோக்கி ஒரு வேட்டுச் சுட்டுக் கிளர்ச்சியைத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. வெயில் காலம் என்பதால் துருக்கிப் படையில் பெரும்பாலோர் தாயிஃப் மலைக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஹரமுக்கு (கஅபா இருக்கும் பெரிய பள்ளிவாசல்) மேலே நின்ற அஜ்யாத் கோட்டையிலிருந்து பீரங்கி சுட, ஒரு குண்டு கஅபாவின் அருகே விழுந்து கிஸ்வா எனும் அந்தத் திரை தீப்பற்றியது என்று ஷரீபின் அறிக்கை சொன்னது. பிரிட்டிஷார் அதை இந்தியா வரைக்கும் பரப்பினார்கள். ஷரீபின் ஆட்களிடம் பீரங்கி இல்லை, வெள்ளைக்கார வீரர்கள் மக்காவுக்குள் நுழைய முடியாது. அதனால் சூடானிலிருந்து எகிப்திய முஸ்லிம் பீரங்கி வீரர்களைக் கொண்டுவந்த பிறகுதான் ஜூலை தொடக்கத்தில் அந்தக் கோட்டை விழுந்தது. புனித நகரில் இரண்டு பக்கமும் முஸ்லிம்களே நின்று சுட்டுக்கொண்டதை என்னால் இன்றும் மனம் கனக்காமல் படிக்க முடியவில்லை.

கேள்வி: துருக்கியனும் அரபியும் அடித்துக்கொண்டால் இந்தியாவில் இருந்தவர்களுக்கு என்ன வந்தது?

நிறையப் பேர் கேட்டது இதைத்தான். ஹிஜாஸ் ரயில்வே தெரியுமா? டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீட்டர், 1900இல் தொடங்கி 1908இல் முடிந்தது. ஐரோப்பியக் கடன் வாங்காமல் உலகம் முழுக்க முஸ்லிம்களிடம் நன்கொடை திரட்டினார் சுல்தான் அப்துல் ஹமீது. இந்தியாவில் பத்திரிகைகள் இதற்காக நிதி சேர்த்தன. ஹாஜிகள் சிரமமில்லாமல் போய் வரட்டும் என்று தன் கையிலிருந்ததைக் கொடுத்த ஒருவருக்கு, அந்தத் தண்டவாளத்தை ஷரீபின் ஆட்கள் பிரிட்டிஷ் வெடிமருந்து வைத்துத் தகர்க்கிறார்கள் என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்!

இரண்டாவது, வாக்கு. 1914 நவம்பர் 2 அன்று வைஸ்ராய் பகிரங்கமாகச் சொன்னார்: இந்திய ஹாஜிகளுக்கு இடைஞ்சல் இல்லாதவரை அரேபியாவின் புனிதத் தலங்களையும் ஜித்தா துறைமுகத்தையும் பிரிட்டிஷ் படைகள் தொடாது. ஒன்றரை வருடம் கழித்து ஜித்தாவில் இருந்த துருக்கிப் படை மேல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குண்டு வீசின. ஷரீப் கேட்டார், செய்தோம் என்றார்கள். லக்னோவில் அந்த விளக்கம் எடுபடவில்லை. ஜூன் மாதமே முஸ்லிம் லீக் அங்கே கூடி, ஷரீபையும் அவருடைய கிளர்ச்சிக்காரர்களையும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதே ஊரின் ஃபிரங்கி மஹல் மதரஸாவைச் சேர்ந்த மௌலானா அப்துல் பாரியும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார். 1913லேயே கஅபாவைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியவர் அவர்.

இன்னொன்று, உலகில் மிச்சமிருந்த ஒரே பெரிய சுதந்திர முஸ்லிம் அரசு துருக்கிதான். அடிமை நாட்டில் இருந்தவர்களுக்கு அது ஒரு பிடிமானம்.

கேள்வி: எல்லா முஸ்லிம்களும் எதிர்த்தார்களா?

இல்லை. ஆகா கானும் ஹைதராபாத் நிஜாமும் போர் முழுக்க பிரிட்டன் பக்கம். கெய்ரோவில் இஸ்லாமிய அறிஞர் ரஷீத் ரிளா முதலில் ஷரீபை ஆதரித்தார், 1916 ஹஜ்ஜுக்கும் போனார். பிறகு கசந்துபோய்க் கடுமையாக விமர்சித்தார்.

தேவ்பந்து மதரஸாவின் மௌலானா மஹ்மூத் ஹசனை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. அப்போது மக்காவில் இருந்தார். துருக்கியரைக் காஃபிர்கள் என்று சொல்லும் ஃபத்வாவை (மார்க்கத் தீர்ப்பு) கொண்டுவந்து ஷரீபின் ஆட்கள் கையெழுத்துக் கேட்டார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர், அந்நிய ஊர், எதிரில் ஆட்சியாளரின் ஆள். "இது ஹரமில் பாடம் நடத்தும் மக்கா ஆலிம்கள் பெயரில் இருக்கிறது, நான் இந்தியாக்காரன், நான் எப்படிப் போடுவேன்" என்ற பொருளில் மறுத்துவிட்டார். ஷரீப் அவரைப் பிடித்து பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்க, ஜித்தா, கெய்ரோ வழியாக மால்டா தீவுச் சிறைக்குப் போனார். 1920இல்தான் விட்டார்கள், அந்த வருடமே காலமானார்.

கேள்வி: நம் பக்கம் ஏதாவது நடந்ததா? என் சொந்த ஊர் வாணியம்பாடி, அதனால் கேட்கிறேன்.

கிளர்ச்சி நடந்தபோது போர்க்காலச் சட்டங்கள் வாயைக் கட்டிப் போட்டிருந்தன. முஸ்லிம் தலைவர்களான அலி சகோதரர்களே காவலில் இருந்தார்கள். கோபம் வெளியே வந்தது போர் முடிந்து, கலீபா பதவியைக் காக்கக் கிளம்பிய கிலாபத் இயக்கமாகத்தான். சென்னை மாகாணத்தில் அதை முன்னின்று நடத்தியவர் யாகூப் ஹசன் சேட், 1921இல் சிறைக்கும் போனார். துருக்கியின் தலைநகரையும் துருக்கியர் வாழும் நிலங்களையும் பறிக்க மாட்டோம் என்று 1918 ஜனவரியில் லாயிட் ஜார்ஜ் பேசியிருந்தார். போரில் தோற்ற துருக்கி மேல் திணிக்கப்பட்ட 1920இன் செவ்ர் ஒப்பந்தம் அந்தப் பேச்சைக் காற்றில் விட்டது.

கேள்வி: ஷரீப் ஹுசைனுக்குக் கடைசியில் கிடைத்தது என்ன?

1916 மே மாதமே பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்தில் சிரியாவையும் இராக்கையும் ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன, அவர் கிளம்புவதற்கு முன்பே. அரபு நாடுகளின் மன்னர் என்று தன்னை அறிவித்துக்கொண்டார், அந்த இரண்டு நாடுகளும் ஹிஜாஸ் மன்னர் என்று மட்டுமே ஏற்றன. 1924 மார்ச்சில் துருக்கி கிலாபத்தை ஒழித்ததும், நானே கலீபா என்றார். இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, 1916ஐ அவர்கள் மறந்திருக்கவில்லை. அதே வருடம் மத்திய அரேபியாவை ஆண்ட இப்னு சவூதின் படை தாயிஃபைப் பிடித்து மக்காவை நெருங்க, பதவியைத் துறந்து, அடுத்த வருடம் சைப்ரஸுக்குப் போனார். அங்கே வருடக்கணக்கில் இருந்து, உடம்பு முடியாமல் போனதும் அம்மானில் மகன் அப்துல்லாவிடம் வந்து, 1931இல் இறந்தார். ஜெருசலேமில் அல்-அக்ஸா வளாகத்தில் அடக்கம் செய்தார்கள்.