மாத்திரை உடலில் எவ்வளவு சேரும் என்று கணினியே சொல்லிவிடும் என்றால், மனிதர்களிடம் இன்னும் எதற்குச் சோதிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. மருந்து குடலில் எப்படி உறிஞ்சப்படும் என்பதைக் கணினி மாதிரியே கணித்துவிடும் என்று மென்பொருள்காரர்கள் சொல்கிறார்களே, அப்புறம் ஆரோக்கியமான ஆட்களைப் படுக்கவைத்து ரத்தம் எடுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எம்.ஃபார்ம் படிக்கிறீர்கள், ஆய்வகத்தில் இடம் கிடைக்காததால் சிமுலேஷன் தலைப்பு ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் சில வருடங்கள் பயோஈக்விவலன்ஸ் ஆய்வு, அதாவது அசல் மருந்தும் அதன் ஜெனரிக் நகலும் ரத்தத்தில் ஒரே மாதிரி சேர்கின்றனவா என்ற ஒப்பீடு, செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் இருந்தேன். இப்போது அதே மாதிரித் தரவுகளை வைத்து மாடலிங் செய்கிறேன். ரத்தம் எடுக்கும் அறையையும் பார்த்திருக்கிறேன், சமன்பாட்டையும் பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சில மருந்துகளுக்குக் கணினி நன்றாகவே சொல்லும். ஆனால் அப்படிச் சொல்வதற்குக் காரணமே யாரோ ஒருவர் முன்னால் மனிதர்களிடம் அளந்து வைத்திருப்பதுதான்.

விழுங்கிய மாத்திரை முதலில் உடைய வேண்டும், கரைய வேண்டும். பெரும்பாலான மருந்துகள் வயிற்றில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலுக்குப் போன பிறகுதான். எனவே வயிறு எப்போது கதவைத் திறக்கிறது என்பதே பாதி விஷயத்தைத் தீர்மானித்துவிடும். குடல் சுவரைத் தாண்டும்போது அங்கேயுள்ள என்சைம்கள் ஒரு பங்கைச் சிதைக்கும். பிறகு குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரல், அங்கே இன்னொரு பங்கு போகும். உறிஞ்சப்பட்ட பங்கு, குடல் சுவரில் தப்பிய பங்கு, கல்லீரலில் தப்பிய பங்கு, இந்த மூன்றையும் பெருக்கினால்தான் உடலுக்குக் கிடைப்பது. 80 சதவீதம் உறிஞ்சப்பட்டு, குடல் சுவரில் பாதியும் மிச்சத்தில் கல்லீரலில் பாதியும் போனால், ரத்தத்துக்கு வந்து சேர்வது 20 சதவீதம்தான்.

பாடப்புத்தகம் இந்தப் பயணம் முழுவதையும் ஒரே எழுத்தில் அடக்கிவிடும்: கே-ஏ, அதாவது உறிஞ்சல் வேக மாறிலி. 1937-ல் சுவீடனின் உப்சாலாவில் டோர்ஸ்டன் டியோரெல் உடலைச் சில அறைகளாகப் பிரித்துச் சமன்பாடு எழுதினார். அந்த வழியில் வந்த மாதிரிகளை இன்றும் பயன்படுத்துகிறோம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் கே-ஏ என்பதை மருந்தின் உருகுநிலை மாதிரி மருந்துக்கே சொந்தமான எண் என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். மாத்திரை கரையும் வேகம், வயிறு காலியாகும் வேகம், குடல் சுவரைத் தாண்டும் வேகம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கின்றன. இதை நான் கற்றது வகுப்பில் இல்லை.

நிறுவனத்தில் ஒரு ஆய்வு. மருந்தின் பெயரைச் சொல்ல முடியாது. நன்றாகக் கரையும், உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும், அவ்வளவு போதும். வாலண்டியர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவார்கள். பத்து மணி நேரம் பட்டினி. காலையில் ரத்தம் எடுக்கக் கையில் கேனுலா என்ற சின்னக் குழாயைப் போட்டு, 240 மில்லி தண்ணீரோடு மாத்திரை. உடனே வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்குக்கு அடியிலும் கன்னத்து ஓரத்திலும் பார்ப்போம், முழுங்கினாரா என்று. அடுத்த நான்கு மணி நேரம் சாப்பாடு கிடையாது. குறித்த நிமிடத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் தாமதமானால் அதையும் எழுத வேண்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைத் தனியே பிரித்து இரண்டு குழாயில் பங்கிட்டு, மைனஸ் 70 ஃப்ரீசர்.

முடிவுகள் வந்தபோது ஒருவருடைய வரைபடம் மட்டும் விநோதமாக இருந்தது. ஒரு உச்சம், இறக்கம், மறுபடியும் ஒரு உச்சம். மேலே இருந்தவர் பார்த்த மாத்திரத்தில் ‘சாம்பிள் மாறிப்போயிருக்கு’ என்றார். பார்கோடுகளைச் சரிபார்த்தோம், மாறவில்லை. இரண்டாவது குழாயை எடுத்து மறுபடி ஓட்டினோம், அதே எண்கள். ‘அப்ப அவரை எடுத்துடலாம், சராசரியைக் கெடுக்கிறார்’ என்றார். மாத்திரையை வாந்தி எடுத்திருந்தால் நீக்கலாம், ஆய்வுத் திட்டத்தில் முன்பே எழுதிய காரணம் இருந்தால் நீக்கலாம். வரைபடம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக் கூடாது என்று நான் நின்றேன். என் பதவிக்கு அது பெரிய வாக்குவாதம்தான். கடைசியில் அவர் தரவு உள்ளேயே இருந்தது. வாஷ்அவுட், அதாவது முதல் மருந்து உடலை விட்டு முழுதாகப் போகக் காத்திருக்கும் இடைவெளி, முடிந்து அவர் இரண்டாவது முறை வந்தபோது ஒரே உச்சம்தான்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். 1987-லேயே ஓபர்லி, அமிடன் இருவரும் சிமெடிடின் என்ற வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தில் இதே இரட்டை உச்சத்துக்கு விளக்கம் எழுதியிருந்தார்கள். வெறும் வயிறு சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அதில் ஒரு சுருக்க அலைச் சுழற்சி ஓடும். கொஞ்ச நேரம் அமைதி, பிறகு சின்னச் சின்ன அசைவு, கடைசியில் சில நிமிடம் பலமான அலை, உள்ளே கிடப்பதையெல்லாம் குடலுக்குத் தள்ளிவிடும். நாம் மாத்திரை கொடுக்கும் நிமிடத்தில் அந்தச் சுழற்சி எந்த இடத்தில் இருந்ததோ, அதற்கேற்ப மருந்து ஒரே வீச்சில் போகலாம், அல்லது பாதி இப்போது, மீதி ஒரு மணி நேரம் கழித்து என்று போகலாம்.

அதே தரவை, டியோரெல் வழியில் உடலை அறையாகப் பார்க்கும் கம்பார்ட்மென்ட் மாதிரி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். கோடு இரண்டு உச்சத்துக்கும் நடுவே, எந்த அளவீட்டையும் தொடாமல் போனது. பிறகு வாக்னர், நெல்சன் இருவரும் 1963-ல் கொடுத்த முறையில், எத்தனை பங்கு உறிஞ்சப்பட்டது என்று நேரவாரியாகக் கணக்கிட்டேன். அந்த முறை உறிஞ்சல் எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டி ஒன்றும் திணிப்பதில்லை. வந்த படம் மாடிப்படி மாதிரி இருந்தது: ஏற்றம், சமதளம், மறுபடி ஏற்றம். அந்தச் சமதளம் முழுவதும் மருந்து வயிற்றில் காத்திருந்த நேரம் என்பதே என் முடிவு. தூக்கி எறியச் சொன்ன அந்த ஒரு ஆள்தான் அந்த ஆய்விலேயே எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர்.

மாடலிங் செய்பவர்கள் கோபப்பட வேண்டாம், நானும் அதைத்தான் செய்கிறேன். லாரன்ஸ் யூவும் அமிடனும் 1990-களில் சிறுகுடலை ஏழு அறைகளாகப் பிரித்து, மருந்து ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நகர்வதாக எழுதிய மாதிரி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மருந்து சிறுகுடலைக் கடக்க ஆகும் சராசரி நேரம் 199 நிமிடம். அந்த 199 எங்கிருந்து வந்தது? மனிதக் குடலில் மாத்திரையும் திரவமும் நகர்வதைப் பலர் அளந்து வெளியிட்ட தரவுகளிலிருந்து. அமிடன் குழு 1995-ல் கொண்டுவந்த பிசிஎஸ் வகைப்பாடு, மருந்துகளை அவை கரையும் விதத்தையும் குடல் சுவரைத் தாண்டும் விதத்தையும் வைத்துப் பிரிப்பது. அதில் நன்றாகக் கரையும் மருந்து என்றால் அதன் அதிகபட்ச டோஸ் 250 மில்லி நீரில் கரைய வேண்டும் என்று வரும். அந்த 250-ம் ஏறக்குறைய வாலண்டியருக்கு நாம் கொடுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

இப்ருடினிப் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் சுமார் 3 சதவீதமே ரத்தத்துக்கு வரும், மீதியில் பெரும்பங்கு குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடும். அப்படிச் சிதைக்கும் என்சைமைப் பலமாக முடக்கும் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் மொத்த அளவு 24 மடங்கானது. இது மனிதர்களிடம் அளந்தது. அதை வைத்து மாதிரியைச் சரிபார்த்த பிறகுதான், என்சைமை அவ்வளவு பலமாக முடக்காத மருந்துகளோடு சேர்ந்தால் என்னாகும் என்று சிமுலேஷனில் கணித்து, அமெரிக்காவில் மருந்தின் லேபிளிலேயே எழுதினார்கள். மாதிரியின் உண்மையான பலம் இது. அதை மறுக்கிறவன் இல்லை நான்.

ஆனால் யாருக்குமே தெரியாத ஒன்றை மாதிரி எப்படிச் சொல்லும்? ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சாராயத்தோடு சேர்த்துச் சோதித்த ஆய்வில், சாராயத்தின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் ஏறியது. கனடாவில் டேவிட் பெய்லி குழு 1991-ல் அதை உறுதிசெய்தது. குடல் சுவரிலுள்ள என்சைமை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எவ்வளவு பெரிய கணினி இருந்திருந்தாலும் பழச்சாறைச் சந்தேகப்பட்டிருக்காது.

‘மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறார், ஏழைகளின் உடம்பில் சோதனை’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். வாலண்டியர்களின் சம்மதம், காப்பீடு, ஒரே ஆள் பல இடத்தில் கலந்துகொள்வதைத் தடுப்பது இவையெல்லாம் கடுமையாகக் கண்காணிக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஜெனரிக் மாத்திரையை நம்பி வாங்கும் ஒவ்வொருவரும் அந்த வாலண்டியர்களுக்குக் கடன்பட்டவர்கள். 1971-ல் அமெரிக்காவில் லிண்டன்பாம் குழு டிகாக்ஸின் மாத்திரைகளை ஒப்பிட்டபோது, ஒரே அளவு என்று அச்சிட்டிருந்தும் ரத்தத்தில் வந்த உச்சம் ஏழு மடங்குவரை வேறுபட்டது. கொஞ்சம் கூடினாலும் ஆபத்தான இதய மருந்து அது. இன்றைக்கு ஜெனரிக் மாத்திரை தரும் ரத்த அளவை அசலோடு ஒப்பிட்ட விகிதத்தின் நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) முழுவதும் 80-லிருந்து 125 சதவீதம் என்ற எல்லைக்குள் அடங்க வேண்டும் என்று கேட்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கின்றன.

சம்பந்தமில்லாமல் ஒன்று, சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இவ்வளவு பாடுபட்டு ‘வெறும் வயிற்றில்’, ‘சாப்பாட்டோடு’ என்று கண்டுபிடித்து வைக்கிறோம். கடையில் என்ன நடக்கிறது? சுவரில் ஒருவருடைய பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்கும், அந்த ஆள் கடைப்பக்கம் வருவதே இல்லை, சான்றிதழுக்கு மாத வாடகை. வேலைக்கு நிற்கும் பையன் கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பை வெட்டி, காக்கிக் கவரில் போட்டு, 1-0-1 என்று எழுதிக் கொடுக்கிறான். மருந்தின் பெயர் பாதி வெட்டில் போய்விடும். தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே கவரில், ஒரே ‘காலை’ என்று எழுதி வாங்கிவந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பி.ஃபார்ம் முடித்தவனுக்கு இதைச் சொல்லித்தரத்தான் நான்கு வருடப் படிப்பு. அவனை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. உறவினர்கள் என்னைக் கேட்பதும் ‘கடை எப்ப வைக்கப்போறே’ என்றுதான்.

சரி, உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். விலை கூடிய மென்பொருள் இல்லை என்று கவலைப்படாதீர்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதற்குள்ளேயே தியோஃப் (Theoph) என்ற பெயரில் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தின் தரவு இருக்கிறது: 12 பேர், ஆளுக்கு 11 அளவீடு, சுமார் 25 மணி நேரம். சராசரி எடுப்பதற்கு முன் 12 வரைபடத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். ஒருவருக்கு உச்சம் 40 நிமிடத்துக்குள் வந்துவிடும், இன்னொருவருக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொருவருக்கும் கே-ஏ கண்டுபிடித்து, அது எதனால் இவ்வளவு மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதி உங்கள் கைடிடம் காட்டுங்கள். உறிஞ்சல் வேகம் வெளியேறும் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், கணக்கில் இரண்டின் எண்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறி வரும், அதையும் மறக்காமல் சோதித்துவிடுங்கள். வைவாவில் பெரும்பாலும் அங்கேதான் கேட்பார்கள்.