புது ஃபுட்பால் மேனேஜர்: உடனே வாங்கலாமா, பொறுக்கலாமா?

கால்பந்து கிளப் ஒன்றின் மேனேஜராக இருந்து அணியை நடத்தும் வீடியோ கேமின் புதிய பதிப்பான ஃபுட்பால் மேனேஜர் 26 பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னிடம் ஃபுட்பால் மேனேஜர் 24 இருக்கிறது. ஒரே கிளப்பை வைத்துப் பதினொரு சீசன் ஓட்டிவிட்டேன். இப்போது 26க்கு மாறுவதா, இதையே ஆடிக்கொண்டிருப்பதா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: பதினொரு சீசன் என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த அளவுக்குப் போன ஆட்டத்தில், தொடங்கும்போது இருந்த நிஜ வீரர்களில் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் இடத்தில் ஆட்டமே உருவாக்கிய இளைஞர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்த ஆண்டு யார் எந்த அணிக்கு மாறினார் என்ற புது வீரர் பட்டியல் உங்களுக்கு அதிகம் பயன்படாது. புதுப் பதிப்பிலும் இரண்டு மூன்று சீசன் தாண்டினால் உங்கள் உலகமும் நிஜ உலகமும் வேறு வேறு வழியில் போய்விடும். எனவே ‘பட்டியல் புதிது’ என்பதற்காக மட்டும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் வேறு எதற்காகக் கொடுக்கலாம்? இந்த முறை மாறியவை நிறைய. 24 வெளிவந்தது 2023 நவம்பரில். அடுத்து வரவேண்டிய 25ஆம் பதிப்பு தள்ளித் தள்ளிப் போய், 2025 பிப்ரவரியில் ஒரேயடியாக ரத்தானது. முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பியது. 26 வந்தது 2025 நவம்பர் 4 அன்று. ஆட்டத்தை யூனிட்டி என்ற எஞ்சினுக்கு, அதாவது ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, மாற்றியிருக்கிறார்கள். மைதானக் காட்சி தெளிவாக மேம்பட்டிருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் உரிமம் இத்தொடருக்கு முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. 2021இலேயே அறிவித்த பெண்கள் கால்பந்து ஒருவழியாக உள்ளே வந்துவிட்டது. பேருக்கு ஒட்டவைக்காமல், ஆண்கள் அணிகளோடு ஒரே டேட்டாபேஸில், ஒரே ஆட்டத்துக்குள் இருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது.

என்னைக் கேட்டால், நீண்ட காலம் ஆடுபவருக்கு முக்கியமான மாற்றம் இவை எதுவும் இல்லை, டாக்டிக்ஸ் என்ற ஆட்ட வியூகம்தான். முன்பு ஒரே ஃபார்மேஷனை (வீரர்கள் களத்தில் நிற்கும் அமைப்பை) அமைத்துவிட்டு, மற்றதை வீரர்களுக்குக் கொடுக்கும் ரோல்களை (பொறுப்புகளை) வைத்துச் சமாளிப்போம். இப்போது பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், எதிரணியிடம் போனதும் வேறொன்று என்று தனித்தனியே அமைக்கலாம். தாக்கும்போது வலது பேக்கை (வலது ஓரத் தடுப்பாட்டக்காரரை) நடுக்களத்துக்குள் இழுத்துக்கொண்டு, பந்து பறிபோனதும் நான்கு பேர் தடுப்பு வரிசைக்குத் திரும்பவைப்பது இன்றைய நிஜக் கால்பந்தில் வாராவாரம் நடப்பது. அதை வளைத்துச் சுற்றாமல் நேரடியாகச் செய்ய முடிவது பெரிய விஷயம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளிவந்த முதல் நாட்களில், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வந்த விமர்சனங்களில் பெரும்பகுதி பாதகமானவை. அதிகம் திட்டு வாங்கியது புதுத் திரை அமைப்பு. முன்பு ஒரே பக்கத்தில் கண்ணுக்குப் பட்ட விவரங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அழுத்தித் திறக்க வைத்துவிட்டார்கள் என்பது பழைய ஆட்டக்காரர்களின் புகார். நியாயமான புகார்தான். எண்களை அடுக்கிப் பார்த்து முடிவெடுக்கும் ஆட்டத்தில் ஒரு கிளிக் கூடினாலும் ஒரு சீசனுக்குள் எவ்வளவு சேர்ந்துவிடும் என்று நினைத்துப் பாருங்கள். நாட்டு அணிகளுக்கு மேனேஜராகும் வசதியும் முதல் நாளில் இல்லை. ஃபிஃபாவோடு ஒப்பந்தம் செய்திருப்பதாகவும் பிறகு சேர்ப்பதாகவும் அறிவித்தார்கள்.

உங்களுக்கு என் பதில்: இப்போதைய ஆட்டம் இன்னும் சலிக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். இத்தொடரின் எந்தப் பதிப்பும் வெளியான நாளில் இருந்த மாதிரியே கடைசிவரை இருப்பதில்லை. குறைகளைச் சரிசெய்யும் பேட்ச்கள் வரும். குளிர்கால டிரான்ஸ்ஃபர்கள் முடிந்தபின் வழக்கமாகப் பெரிய அப்டேட் ஒன்றும் வரும். அதற்குள் விலையும் தள்ளுபடியில் இறங்கியிருக்கும். தாமதமாக வாங்குபவருக்குக் குறைந்த விலையில் நல்ல ஆட்டம் கிடைக்கிறது.

இதையே, எப்போதும் இன்றைய அணிகளை வைத்துத் தொடங்கி, இரண்டு சீசனில் கிளப் மாறும் ஒருவர் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். 25 ரத்தானபோது, அந்த சீசனின் வீரர் பட்டியலை 24இல் சேர்க்க மாட்டோம் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. ரசிகர்கள் இலவசமாகத் தயாரித்துத் தரும் பட்டியல்கள் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன, நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் பட்டியல்தான் முக்கியம் என்பவருக்குப் புதுப் பதிப்பு வாங்க நியாயமான காரணம் இருக்கிறது.

கேள்வி: டெமோ எதுவும் இல்லாமல் எப்படி நம்பி வாங்குவது? பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஸ்டீமில் வாங்கினால் கிடைக்கும். வாங்கி 14 நாட்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். எபிக் கடையிலும் ஏறக்குறைய இதே விதிதான். பிளேஸ்டேஷன் கடையில் விதி கடுமையானது: டவுன்லோட் தொடங்கிவிட்டாலே ‘மனம் மாறிவிட்டது’ என்ற காரணத்துக்குப் பணம் திரும்பாது. அங்கே வாங்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

2 மணி நேரம் தாராளமாகத் தோன்றும். இந்த ஆட்டத்தில் அது போதவே போதாது. லீக் தேர்ந்தெடுத்து, கிளப் தேர்ந்தெடுத்து, உதவிப் பயிற்சியாளர் அனுப்பும் மின்னஞ்சல்களையெல்லாம் படித்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும். திரையைத் திறந்தே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் கணக்கில் ஏறும். வெளியீட்டுக்கு முன்பே ஆடத் தருகிறார்களே, அந்த நேரமும் 2024 முதல் கணக்கில் சேர்கிறது. எனவே இதை ஒரு சோதனையாகத் திட்டமிட்டே உட்காருங்கள்.

ஒரே ஒரு லீக்கை மட்டும் ஏற்றுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த கிளப்பை எடுங்கள். அப்போதுதான் வீரர்களைப் படித்துத் தெரிந்துகொள்ள நேரம் போகாது. அறிமுகப் பாடங்களைத் தவிர்த்துவிட்டு நேராக வேலையில் இறங்குங்கள். உங்கள் சம்பள வரம்புக்குள் அடங்கும் இடது பேக் ஒருவரைத் தேடிப் பாருங்கள். ஆட்டம் முழுக்க நீங்கள் செய்யப்போவது இதைத்தான். தேடும் பக்கம் எங்கே இருக்கிறது, வேகம், கிராசிங் (ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தை அனுப்பும் திறன்), சம்பளம் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறதா, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் தேடல் அப்படியே இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் திரையில் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அப்புறம் டாக்டிக்ஸ் பக்கத்தில் இரண்டு ஃபார்மேஷன்களையும் மாற்றிவைத்து ஒரு நட்பு ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். அடுத்ததை வேகமாக ஓட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதும் மூடிவிட்டு ஸ்டீமில் காட்டும் நேரத்தைச் சரிபாருங்கள். மூடியபின் மறுபடி திறக்கக் கை துடித்தால் வைத்துக்கொள்ளலாம். எரிச்சல்தான் மிஞ்சியது என்றால் அன்றே பணத்தைத் திரும்பக் கேளுங்கள், ‘பழகிவிடும்’ என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் சந்தா ஏற்கெனவே இருந்து, உங்கள் திட்டத்தில் இந்த ஆட்டமும் இருக்கிறதென்றால் இந்தக் கவலையே வேண்டாம். 26 வெளியான நாளிலேயே அதில் சேர்ந்துவிட்டது. அங்கே ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்டீம் விமர்சனங்களைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், அண்மைய விமர்சனங்களைத் தனியே பாருங்கள். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். நூறு மணி நேரம் ஆடியவர் எழுதும் குறைக்கும், ஒரு மணி நேரத்தில் கோபித்துக்கொண்டவர் எழுதும் குறைக்கும் எடை ஒன்றல்ல.

கேள்வி: ஒரு இணையதளத்தில் இதே ஆட்டத்தின் கீ (ஆட்டத்தை நம் கணக்கில் ஏற்றும் குறியீடு) பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: விற்பவர் யார் என்று பாருங்கள். ஆட்டத்தை வெளியிட்ட சேகா நிறுவனத்திடமிருந்து நேரடியாகக் கீ பெற்று விற்கும் கடைகளும் உண்டு. யார் வேண்டுமானாலும் கீயைக் கொண்டுவந்து விற்கும் சந்தைகளும் உண்டு. முதல் வகையில் தள்ளுபடி கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். இரண்டாவது வகையில் அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. திருட்டுக் கடன் அட்டையில் வாங்கிய கீயாக இருந்து பின்னால் ரத்தானால் ஆட்டம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். வேறொரு நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் கீயாக இருந்தால் முதலிலேயே ஏறாது. வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீமின் 2 மணி நேர விதியும் பொதுவாகப் பொருந்தாது. முதல் நாட்களில் இவ்வளவு குறை சொல்லப்பட்ட ஒரு பதிப்பில், திருப்பிக் கொடுக்கும் உரிமையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பிறந்தநாளுக்கு இந்த ஆட்டம் வேண்டும் என்கிறான். கடையில் பார்த்தால் கன்சோல், டச், மொபைல் என்று விதவிதமாக இருக்கின்றன. எதை வாங்குவது?

பதில்: முதலில் அவன் எதில் ஆடப்போகிறான் என்று கேளுங்கள், அம்மா. முழு ஆட்டம் என்பது விண்டோஸ் அல்லது மேக் கணினிக்கானது. ஸ்டீமில் ஒருமுறை வாங்கினால் இரண்டிலும் ஆடலாம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு வருவது ‘கன்சோல்’ பதிப்பு, கொஞ்சம் சுருக்கப்பட்டது. ‘டச்’ ஆப்பிள் ஆர்கேட் சந்தாவிலும் நின்டெண்டோ ஸ்விட்சிலும் கிடைக்கிறது. ‘மொபைல்’ நெட்ஃபிளிக்ஸ் சந்தா இருந்தால் தனியாகக் காசு கொடுக்காமல் ஆடலாம்.

வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் இருந்தால் அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிறந்தநாள் வருவதற்குள் அவனுக்கே தெரிந்துவிடும். இது கோல் அடிக்கும் ஆட்டம் இல்லை. பட்டியலும் புள்ளிவிவரமும் ஒப்பந்தப் பேச்சும்தான் பெரும்பகுதி. அதில் மூழ்கிப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அரை மணி நேரத்தில் கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவன் மூழ்கிப்போனால் கணினிப் பதிப்பை வாங்கிக்கொடுங்கள். பணம் வீணாகாது.

கேள்வி: என் மடிக்கணினி பழையது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. ஓடுமா?

பதில்: ஸ்டீம் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சத் தேவையோடு உங்கள் கணினியை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். குறைந்தபட்சம் என்பது ஆட்டம் திறக்கும் என்பதற்கான அளவு. வசதியாக ஆட, பரிந்துரைக்கும் அளவைப் பாருங்கள். 24 நன்றாக ஓடியது என்பதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம், எஞ்சினே மாறிவிட்டது. ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு நகர ஆகும் நேரத்தை நிர்ணயிப்பது பிராசஸரும், நீங்கள் ஏற்றும் லீக்குகளின் எண்ணிக்கையும்தான். இரண்டு மூன்று லீக்கோடு நிறுத்திக்கொண்டால் சுமாரான கணினியிலும் ஒரு சீசனை நிம்மதியாக முடிக்கலாம். மைதானக் காட்சி திக்கினால் கிராஃபிக்ஸ் அளவைக் குறையுங்கள், ஆட்டத்தின் முடிவுகள் அதனால் மாறாது.

கேள்வி: இன்-கேம் எடிட்டரையும் சேர்த்து வாங்கச் சொல்கிறது. தேவையா?

பதில்: தேவையில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போதே வீரரின் திறனையோ கிளப்பின் பணத்தையோ மாற்றுவதற்கான தனிக் கட்டணப் பொருள் அது. முதல் ஆட்டத்திலேயே அது கையில் இருந்தால், காயம்பட்ட ஸ்ட்ரைக்கரை ஒரே நொடியில் எழுப்பிவிடத் தோன்றும். அந்த ஸ்ட்ரைக்கர் இல்லாமல் ஆறு வாரம் ஓட்டுவதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி இருக்கிறது. ஒரு வருடம் ஆடியபின், விசித்திரமான பரிசோதனைகள் செய்து பார்க்க ஆசை வந்தால் அப்போது தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம்.