பெருவெள்ளமா, பாவ வெள்ளமா?

கேள்வி: நோவா காலத்து ஜலப்பிரளயத்தை ஜெர்மானியர் ‘ஸிண்ட்ஃப்ளூட்’ என்கிறார்கள். பாவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘சின்’ அதன் முற்பாதியில் அப்படியே இருக்கிறது. ‘பாவ வெள்ளம்’ என்று பெயரிலேயே காரணத்தைப் பொதிந்த அந்த நுட்பத்தைத் தாங்கள் ஏன் எடுத்துச் சொல்வதில்லை?
(பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்)

பதில்: இல்லாத நுட்பத்தை எப்படி எடுத்துச் சொல்வது? ‘ஃப்ளூட்’ வெள்ளம்தான், அதில் நமக்குள் வழக்கில்லை. முற்பாதியில் இருப்பதோ ‘எப்போதும்’, ‘எங்கும்’ என்னும் பொருளில் வழங்கிய ‘ஸின்’ என்ற பழைய முன்னொட்டு. லத்தீனில் ‘எப்போதும்’ எனப் பொருள்படும் ‘செம்பெர்’ அதற்கு இனம் என்பர். ஆக, எங்கும் பரவி நீடித்து நின்ற பெருவெள்ளம் என்பதே சொல்லின் பொருள். ஆண்டு முழுதும் பசுமை மாறாத ஒரு கொடியை ஜெர்மானியர் ‘ஸின்க்ரூன்’ என்பர். ‘க்ரூன்’ என்றால் பச்சை. தங்கள் கணக்குப்படி அது பாவப் பச்சை ஆக வேண்டும்!

பழைய உயர் ஜெர்மன் எனப்படும், ஏறத்தாழ 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான மொழிநிலையில் இச்சொல் ‘ஸின்ஃப்ளுவோட்’. இடையில் ‘ட்’ கிடையாது. அன்று பாவத்துக்கு வழங்கிய சொல் உகரத்தோடு கூடிய ‘ஸுன்டா’ ஆதலால், இரண்டையும் ஒன்றாகக் கொள்ள ஒலியே இடந்தராது. ‘ட்’ பின்னாளில் னகர ஒற்றை அடுத்து நாவின் வசதிக்காக நுழைந்தது. ‘ஐகன்’ என்பதோடு ‘லிஷ்’ சேர்ந்து ‘ஐகன்ட்லிஷ்’ ஆனதும் அவ்வாறே.

இனிமேல்தான் விஷயம் சுவையாகிறது. ‘ஸின்’ வழக்கொழிந்து அதன் பொருள் மறந்துபோன காலத்தில், ‘ஸுன்டா’ உயிரொலி திரிந்து ‘ஸ்யுண்டே’ ஆகி, பல வட்டாரங்களில் இகரமாகவே ஒலித்ததால், பிரளயக் கதையை அறிந்தவர்கள் ‘ஸ்யுண்ட்ஃப்ளூட்’, அதாவது பாவ வெள்ளம், என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் லுத்தர் தம் விவிலியத்தில் இகரத்தோடுதான் எழுதினார்; பிற்கால அச்சு நூல்களிலோ பாவ வெள்ளம் தாராளமாகப் பாய்ந்தது. ஆகவே, தாங்கள் செய்த பிழையை ஜெர்மானியரே தங்களுக்கு முன் செய்துவிட்டார்கள். புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்ளும் இவ்வழக்கத்துக்கு ‘மக்கள் சொற்பிறப்பு’ என்று 1852இல் பெயரிட்ட ஃபோர்ஸ்டமனும் ஜெர்மானியரே.

ஆங்கில ‘சின்’னும் ஜெர்மன் ‘ஸ்யுண்டே’யும் உடன்பிறப்புகள் என்பது உண்மை, ஆனால் இந்தச் சொல்லுக்குள் பிறந்தவை அல்ல. எபிரேய மூலத்தின் ‘மப்பூல்’ என்ற சொல்லிலும், லத்தீன் விவிலியத்தின் ‘டிலுவியும்’ என்ற சொல்லிலும் பாவம் இல்லை. பின்னது அடித்துக் கழுவிச் செல்வதையே குறிக்கும். தாங்கள் கையாண்ட ‘ஜலப்பிரளயம்’ என்பதிலும்தான் எங்கே இருக்கிறது பாவம்?