டோஸ் கூடக் கூட செல்களும் கூடுகின்றனவா? சாயத்தைச் சந்தேகப்படுங்கள்

இலையின் மெத்தனால் சாற்றை மார்பகப் புற்றுசெல்கள் மேல் விட்டு, எத்தனை செல் பிழைத்தது என்று எம்டிடி சாயத்தால் அளந்ததில், 100 மைக்ரோகிராம் வரை செல்கள் ஒழுங்காகச் செத்துக்கொண்டே வந்து, 200, 400-ல் மட்டும் உயிர்ப்பு விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், செல் உங்கள் இலைச்சாற்றைக் குடித்துக் கொழுத்திருக்க வாய்ப்பு குறைவு. மஞ்சள் எம்டிடியை ஊதா ஃபார்மசானாக மாற்றுவது உயிருள்ள செல்தான் என்று நம்பித்தான் 570 நானோமீட்டர் ஒளியில் அந்த ஊதாவை அளக்கிறோம். ஆனால் மெத்தனால் சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருட்கள் அதே வேலையை செல்லே இல்லாமல் செய்துவிடும்.

செல் போடாத வெல்களில் (தட்டின் குழிகளில்) மீடியம் எனும் வளர்ப்புத் திரவம், அதே டோஸ் சாறு, எம்டிடி மட்டும் விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. அந்த அளவைக் கழித்துவிட்டால் போதும் என்பார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எம்டிடிக்கு முன் பழைய மீடியத்தை எடுத்துவிட்டு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் கொண்டு கழுவுங்கள், அதுவும் வெல்லின் சுவரோரமாக மெதுவாக, ஏனென்றால் சாகப்போகிற செல்கள் பிடி தளர்ந்திருக்கும், வேகமாக விட்டால் கிளம்பி வந்து கணக்கே மாறிவிடும். அப்புறம் எம்டிடியை நம்பாமல், செல்லின் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறையிலும் ஒருமுறை செய்யுங்கள்.

சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. சாறு போடாத கன்ட்ரோல் உட்பட எல்லா வெல்லிலும் ஒரே அளவு, 0.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். புற்று இல்லாத சாதாரண செல் ஒன்றிலும் போட்டுப் பார்க்காமல் ஐசி50 எண்ணை (உயிர்ப்பைப் பாதியாக்கும் டோஸை) ஆய்வு கைடிடம் கொண்டுபோகாதீர்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.