வழியில் கிடந்த மெமரி கார்டை உரியவரிடம் சேர்த்த அனுபவம் உண்டா?

உண்டு. போன ஆவணியில், ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள்.

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பிழைப்பு ஓடுகிறது. காலையில் கடை திறக்கும் முன் எதிர் பேக்கரியில் ஒரு டீ. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் பேக்கரி என்றால் டீக்கடைதான், கேக்கும் இருக்கும்.) அன்றைக்குக் கழற்றிவிட்ட செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் காலால் துழாவியபோது நறுக்கென்று ஏதோ பட்டது. தபால்தலை அளவில் ஒரு மெமரி கார்டு, 128 ஜிபி. மேலே ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில் மார்க்கரால் ‘2’ என்று எழுதியிருந்தது. ஓரத்தில் டீக்கறை காய்ந்து கிடந்தது.

பேக்கரி அண்ணனைக் கேட்டேன். “நேத்து முகூர்த்தமுங்க. கல்யாணத்துக்குப் போறவங்க, வாரவங்கன்னு கூட்டம். யாருதுன்னு கண்டோம்?” என்றார். அவரிடமே கொடுத்திருக்கலாம். கல்லாவில் சில்லறையோடு கிடந்து உராயும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம். கார்டு கிடைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது அதை போனில் போட்டுப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு போன் தன் பங்குக்கு நாலு ஃபோல்டரை அதில் உருவாக்கிவிடும். சில நேரம் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்றும் கேட்கும், கை தவறி அமுக்கினால் தீர்ந்தது. பெரிய கார்டுகளின் இடது ஓரத்தில் நகத்தால் நகர்த்தும்படி ஒரு சின்னத் தள்ளி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் பூட்டு. அப்புறம் கார்டு ரீடரில் போட்டால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. (இந்தப் பூட்டை மதிக்காத மலிவு ரீடர்களும் உண்டு, என்னிடமே ஒன்று இருந்தது.) கம்ப்யூட்டர் ‘இதில் கோளாறு இருக்கிறது, சரி செய்யவா’ என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உள்ளே ஆயிரத்துச் சொச்சம் படம். முதல் படத்தை மட்டும் திறந்தேன். தாம்பாளத்தில் வைத்த கல்யாணப் பத்திரிகை! மாப்பிள்ளை, பெண், ஊர், மண்டபம், தேதி எல்லாம் அதிலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தின் சின்னப் படங்களை ஒரு முறை உருட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையும் அவர் அக்காவும் இணைச்சீருக்கு (எங்கள் பக்கம் மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் சேர்ந்து உட்காரும் கல்யாணச் சடங்கு) உட்கார்ந்திருந்தார்கள், அதற்குக் கொஞ்சம் தள்ளித் தாலி கட்டு. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பெண்ணுக்குச் சீவிச் சிங்காரிக்கும் படமெல்லாம் நாம் பார்க்க எடுத்ததில்லையே.

எடுத்தவர் பெயர் இருக்குமா என்று ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தேன். கேமரா மாடல், நேரம், லென்ஸ் எல்லாம் இருந்தது, பெயர் மட்டும் காலி. பெரும்பாலான கேமராக்களில் மெனுவுக்குள் போனால் உரிமையாளர் பெயரை ஒரு தடவை அடித்து வைக்கலாம். அதற்குப்பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் யாரும் செய்வதில்லை.

சரி, பத்திரிகைதான் இருக்கிறதே, ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடலாம் என்று மணமக்கள் படம் ஒன்றை எடுத்து வைத்தேன். மதியம் சோறு கொண்டுவந்த என் மனைவி பார்த்துவிட்டாள். “ஏனுங்க, தாலி கட்டுன போட்டோ டீக்கடைப் பெஞ்சுல கெடந்துச்சுன்னு அந்தப் புள்ளையோட அம்மாவுக்குத் தெரிஞ்சா, போட்டோ எடுத்தவன அந்த ஊருக்குள்ள விடுவாங்களா?”

எனக்கு அது உறைக்கவே இல்லை. கல்யாண வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் கார்டு கல்யாண வீட்டுடையது இல்லை, போட்டோகிராஃபருடையது. எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்தில் நல்ல பெயர் எடுத்தால் அந்தச் சொந்தத்தில் அடுத்த நாலு கல்யாணமும் அவருக்குத்தான். கெட்ட பெயரும் அதே வேகத்தில்தான் போகும்.

போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம், தப்பில்லை. கண்டெடுத்ததை உரியவரிடம் சேர்க்க எடுத்து வைப்பது குற்றமில்லை. நமக்கென்று வைத்துக்கொண்டால்தான் வம்பு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. ஆனால் ஸ்டேஷனில் கொடுத்தால் அவர்களும் பத்திரிகையைப் பார்த்துக் கல்யாண வீட்டுக்குத்தான் போன் போடுவார்கள்.

அதனால் மண்டபத்து மேனேஜருக்குப் போன் போட்டு ஒரு பொய் சொன்னேன். “மச்சினிச்சிக்குக் கல்யாணம் வெச்சிருக்கறமுங்க. நேத்து உங்க மண்டபத்துல போட்டோ எடுத்தவரு நல்லா எடுப்பாருங்களா?”

“நல்ல பையனுங்க. என்ன, லைட்டத்தான் ஏகத்துக்கு வெப்பான்” என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார். (எனக்கு மச்சினிச்சியே கிடையாது.)

அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, “மெமரி கார்டு எதாவது தொலைச்சீங்களா?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “உங்களுக்கு எப்படீங்க தெரியும்?” என்றார். எடுத்தவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாதே. கார்டு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “ரெண்டுங்க.” முதல் படம் என்ன? “பத்திரிகைங்க. கார்டு மாத்தறப்பெல்லாம் அத ஒண்ணு எடுத்துக்குவனுங்க, ஆல்பம் போடறப்பக் கலந்துராது பாருங்க.” அப்புறம் கேட்டார்: “அண்ணா, பொண்ணு வீட்டுக்குச் சொல்லிட்டீங்களாங்ணா?”

இல்லை என்றேன். மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து பைக்கில் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இரவு தூங்காத கண். அவருடையது ஒரே ஒரு கார்டு போடும் பழைய கேமரா. ரெண்டு கார்டு போடும் கேமராவென்றால் ஒவ்வொரு படமும் இன்னொன்றிலும் ஏறும்படி வைத்துக்கொள்ளலாம். டீ குடிக்கும்போது பாக்கெட்டிலிருந்து காசு எடுத்தேன், அப்போது விழுந்திருக்கும் என்றார். பெண்ணின் அப்பா காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாராம். “காப்பி ஆயிட்டிருக்குதுங்க மாமா” என்றே சமாளித்திருக்கிறார்.

என் கம்ப்யூட்டரிலேயே திறந்து நேராகத் தாலி கட்டுக்குப் போனார். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துச் செருகினார். காப்பி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை ரெண்டு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டோம். பணம் நீட்டினார், வாங்கவில்லை. பன்னுக்கு மட்டும் அவர் கொடுத்தார்.

கிளம்பும்போது என் கடை மார்க்கரை வாங்கி, பையிலிருந்த மூன்று கார்டுகளின் ஸ்டிக்கரிலும் பொடி எழுத்தில் தன் போன் நம்பரை எழுதினார். மை காயும்வரை ஊதிக்கொண்டே நின்றார். பிறகு மார்க்கரைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்துவிட்டார். நம்பர் என்னிடம் இருக்கிறது, இன்னும் கேட்கவில்லை.